4 கோடி டோனர் இருந்தும் ஸ்டெம் செல் ஏன் மேட்ச் ஆகல?

கேள்வி:
ஃப்ரெண்டோட தங்கச்சிக்கு லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்), ரத்தத்தை உருவாக்கற ஸ்டெம் செல்லை மாத்தணும். அவனோட எச்எல்ஏ (செல் மேல இருக்கற அடையாளப் புரதம்) முழுசா பொருந்தல, வெளில டோனர் தேடிட்டு இருக்காங்க. உலகம் பூரா 4 கோடிக்கு மேல பேர் பதிவு பண்ணிருக்காங்களாமே, அதுல ஒருத்தர் கூடவா கிடைக்க மாட்டாங்க?

பதில் 1:
எச்எல்ஏ பாதி அம்மாகிட்டருந்து பாதி அப்பாகிட்டருந்து வருது, அதான் கூடப்பிறந்தவங்களே முழுசா பொருந்த 25 சதவீதம்தான் சான்ஸ். வெளி ஆள்னா ஒரே வம்சாவளில கிடைக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, ஆனா பதிவேடுகள்ல ஐரோப்பிய வம்சாவளிக்காரங்க ரொம்ப அதிகம். அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கையே பாருங்க, முழுசா பொருந்தற டோனர் கிடைக்க வெள்ளையருக்கு 79 சதவீதம் வாய்ப்பு, கருப்பினத்தவருக்கு வெறும் 29. இதைப் பாத்தாலே மனசு கொதிக்குது.

பதில் 2:
பாதிப் பொருத்தம் பத்தி டாக்டர்கிட்ட கேட்டீங்களா? பெத்தவங்க எப்பவுமே பாதி பொருந்துவாங்க. செல் ஏத்தின 3, 4வது நாள்ல சைக்ளோபாஸ்ஃபமைடு குடுத்து, நோயாளி உடம்பைத் தாக்கற டோனர் செல்களை அடக்கறாங்க, ரொம்ப பழைய மருந்து, விலையும் கம்மி, பதிவேடே இல்லாத நாடுகளுக்கு இது பெரிய வழி.

பதில் 3:
டோனர் மட்டும் போதாதுங்க. கதிர்வீச்சு குடுத்த ரத்தம், பிளேட்லெட், தொற்று வராத தனி அறை, பழகின நர்ஸ், அப்புறம் மாசக்கணக்கா மருந்து, இதெல்லாம் இல்லாத நாடுகள்ல மேட்ச் கிடைச்சும் பிரயோஜனமில்ல. 2012லயே உலகத்துல 10 லட்சம் மாற்று சிகிச்சை தாண்டியாச்சு, ஆனா பெரும்பாலும் வசதியான நாடுகள்லதான்.

கேட்டவர்:
அம்மாவுக்கு டெஸ்ட் எடுக்கலாமான்னு நாளைக்கே கேக்கச் சொல்றேன், ரொம்ப நன்றி.