மறுமொழி: 'நாட்பட்ட ஆட்டுப்பால் சீஸ்' சரியா?

ஐயா, வணக்கம்.

> நாட்பட்ட ஆட்டுப்பால் சீஸ் என்று அட்டையில் போட்டால் போதாதா?

போதாது. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஆட்டுப்பால் என்றால் வாங்குகிறவர் வெள்ளாடு என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்கள் கேட்பது மான்செகோ. ஸ்பெயினில் லா மாஞ்சா வட்டாரத்து மான்செகா இனச் செம்மறியின் பால் தவிர வேறு பால் அதில் சேரக்கூடாது. பசும்பாலைவிட அந்தப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய இருமடங்கு. வெட்டிச் சற்று வெளியே வைத்தால் வெட்டுமுகத்தில் எண்ணெய் பூக்கும். அதனால் 'செம்மறி'யை விடவேண்டாம். சீஸுக்குப் 'பாற்கட்டி' போதும், 'பாலாடைக்கட்டி' வேண்டாம். அதைப் பாலாடையிலிருந்து செய்வதில்லையே.

அடுத்தது 'நாட்பட்ட'. நாட்பட்ட இருமல், நாட்பட்ட புண் என்று கேட்டுப் பழகிய காது இது. 'பழைய' என்றால் ஊசியது. குழுவில் ஒருவர் சொன்ன 'கனிந்த' நல்ல சொல்தான், ஆனால் நாள் ஆக ஆக உள்ளே குழைந்துபோகும் பிரீ போன்ற மென்மையான பிரெஞ்சு சீஸ் வகைக்கு அதை வைத்துக்கொள்வோம். மான்செகோ எதிர்த்திசையில் போகிறது: நீர் வற்றி இறுகுகிறது, தேங்காய் முற்றுகிற மாதிரி. ஆகவே 'முதிர்'.

ஒரே சொல் வைத்தும் தீராது. ஸ்பெயினின் 2006ஆம் ஆண்டு விதி, ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட சீஸ் வட்டுகளுக்கு முதிர்ச்சியில் ஐந்து படி சொல்கிறது. அடைப்புக்குள் இருப்பது குறைந்தது எத்தனை நாள் முதிரவேண்டும் என்பது. என் பரிந்துரை:

தியெர்னோ (7 நாள்) – இளங்கட்டி
செமிகுராதோ (35) – இடைமுதிர்கட்டி
குராதோ (105) – முதிர்கட்டி
வியெஹோ (180) – முதுகட்டி
அன்யெஹோ (270) – ?

மான்செகோவில் முதல் படி கிடையாது. பெரிய வட்டு 60 நாளாவது இருந்தாக வேண்டும்.

கடைசிப் படியில்தான் இரண்டு நாள் முட்டிக்கொண்டிருந்தேன். அன்யெஹோ என்ற சொல்லை நெடுநாள் முதிரவைத்த ரம்முக்கும் போடுகிறார்கள். ரம் என்றதும் புறநானூறு 392 நினைவுக்கு வந்தது. ஔவையார் பாட்டு, 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்'. தேள் கொட்டியதுபோல் ஏறும் கள்! மிக முதிர்ந்த செம்மறிக் கட்டியும் நாக்கில் சுறுக்கென்கிறது. ஆக, உங்கள் சொல்லே திரும்பி வருகிறது, பெயரெச்சமாக அல்ல, வினைத்தொகையாக: நாட்படுகட்டி. 'பட்ட' என்றால் நோய். 'படு' என்றால் விருந்து.

கூடப் பரிமாறுவதற்கு 'துணையுணவு' என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவமனை வாடை அடிக்கிறது. எங்கள் தென்மாவட்டத்து 'வெஞ்சனம்' இருக்கிறதே! மான்செகோவுக்கு ஊரறிந்த வெஞ்சனம் மெம்பிரியோ: குயின்ஸ் பழத்தைச் சர்க்கரையோடு கிளறி, கத்தியால் வெட்டும் பதத்துக்கு இறுக்கியது. பழ அல்வா என்றே வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணமாகச் சீவிய கட்டிமேல் அதில் ஒரு துண்டு. இடைமுதிர், முதிர் இரண்டுக்கும் அது பொருந்தும். நாட்படுகட்டிக்கு எனக்கு வறுத்த பாதாம் போதும், இனிப்பு வைத்தால் அந்தச் சுறுக்கு அடங்கிவிடுகிறது. இதில் சண்டை போட ஆள் உண்டு என்று தெரியும்.

குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் எடுத்துவைக்கச் சொல்லி அட்டையில் ஒரு வரி சேருங்கள். வெட்டினால் வெள்ளை மணிகள் தட்டுப்படும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள்தான், பூஞ்சை என்று யாரும் திருப்பிக் கொண்டுவராமல் அதையும் போட்டுவிடுங்கள்.

'முதுகட்டி' என்பதில் 'முதுகு' கேட்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு சொல் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.