'போசிற்றி'க்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் தேவை

வணக்கம் உறவுகளே. வன்னியில ஆங்கில அறிக்கைகளை மொழிபெயர்க்கிறவை, ஆங்கிலம் படிப்பிக்கிறவை உதவுங்கோ.

'போசிற்றி' (paucity) எண்ட ஆங்கிலச் சொல்லின்ர வேர், 'சில' எண்டு பொருள்படுற இலத்தீன் 'பௌக்கஸ்'. ஆனா ஆங்கிலத்தில முதல் அசையை 'போ' எண்டுதான் சொல்லவேணும். அபூர்வம் எண்ட வியப்பு இதில இல்லை. இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை எண்ட குறைதான் இருக்கு. 'போசிற்றி ஒஃப் எவிடென்ஸ்' (சான்று போதாமை) எண்டதை 'சான்றின் அருமை' எண்டு எழுதினால், சான்று சிறப்பானது எண்டு பொருள் தலைகீழாகிப் போகும்.

இரணைமடுக் குளத்தில தண்ணி குறைஞ்சால் 'ஸ்கேர்சிற்றி' (scarcity). நீர்மட்டப் பதிவுகள் போதாட்டி 'போசிற்றி'. கடையில சீனி இல்லையெண்டால் 'ஷோர்ட்டேஜ்' போதும்; அங்க 'போசிற்றி' எடுபடாது, அது எழுத்து நடைக்குரிய சொல். 'தெயார் இஸ் அ போசிற்றி ஒஃப்' எண்டதுக்குப் பிறகு பன்மை வந்தாலும் 'இஸ்' மாறாது.

இனித் தமிழ். 'தட்டுப்பாடு' சந்தைச் சாமானுக்குச் சரி, தரவுக்கு ஒட்டாது. 'பஞ்சம்' மிகை. "இந்தமுறை பாலைப்பழம் அருந்தல்" எண்டு பழைய ஆக்கள் சொல்லுற 'அருந்தல்'தான் (குடிக்கிறது இல்லை, கிடைக்கிறது குறைவு எண்ட பொருளில) கிட்ட வருது. அதைச் 'சான்று அருந்தல்', 'தகவல் அருந்தல்' எண்டு எழுதலாமோ? கையால தொடமுடியாத விசயங்களுக்கு உங்கட ஊரில அந்தச் சொல்லைப் பாவிக்கிறவையோ? பேசுற மாதிரியே ஒரு முழு வசனமும் ஊர்ப் பேரும் எழுதிவிடுங்கோ.