தோட்டப் பெயர்களுக்கு ஒரு விக்கி: சர்வர் எடுத்து அடிபட்ட கதை

ஹட்டன் பக்கத்து ஆள்:

சின்ன விக்கித் தளம் ஒன்று நடத்த எந்த சர்வர் (தளம் ஓடுகிற கணினி) எடுக்கலாம் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நான் அடிபட்ட கதையைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையகத்தில் கம்பெனிக் கணக்கில் ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர். நம் ஆட்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர், தோட்டத்துக்குள் இருக்கிற டிவிஷனுக்கு (பிரிவுக்கு) இன்னொன்று. வயசானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கலாம் என்று நானும் இரண்டு கூட்டாளிகளும் 2021 இல் ஆரம்பித்தோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த வேண்டும், அதனால் விக்கி.

காசு செலவழிக்க மனசில்லாமல், வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி டோக்குவிக்கி என்ற இலவச விக்கி மென்பொருளைப் போட்டேன். டேட்டாபேஸ் கிடையாது, ஒரு பக்கத்துக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அரை மணி நேரத்தில் ஓடிவிட்டது. நல்ல சாமான்தான். ஆனால் ‘மேல்கணக்கு லயத்துப் பழைய மாரியம்மன் கோயில்’ என்று ஒரு பக்கம் தொடங்கினால் சேமிக்கவே மாட்டேன் என்றது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தேன்: கணினி எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், டோக்குவிக்கி அதை ஃபைல் பெயராக்கும்போது பைட்டுக்கு ஒரு சதவீதக்குறியும் இரண்டு எழுத்தும் போடுகிறது, ஆக 9. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. லினக்ஸில் ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, ஃபைல் பெயரின் கடைசியில் வரும் .txt க்கும் இடம் வேண்டும், அதனால் 28 குறிகூடத் தேறாது. நம் கோயில் பெயர் எது 28 இல் அடங்கும், சொல்லுங்கள்?

அடுத்த தலைவலி, வெளியிலிருந்து யாருக்கும் தளம் திறக்கவில்லை. வீட்டில் இருந்தது சிம் போட்ட ரவுட்டர், நமக்கென்று தனி ஐபி (இன்டர்நெட் முகவரி) இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு ஒரே முகவரி. எப்படியோ சுற்றுவழி போட்டுத் திறந்தேன். அப்புறம் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அதோடு லேப்டாப் சர்வர் கதை முடிந்தது.

சரி என்று வெளிநாட்டில் 1 ஜிபி ரேம் விபிஎஸ் (மாத வாடகைக்கு விடும் சர்வர்) ஒன்று எடுத்தேன், சிங்கப்பூர் டேட்டா சென்டர், மாதம் 5 டொலர். நான் விலை பார்த்தபோது ஆயிரத்துச் சொச்சம் ரூபா, மே மாதம் கட்டும்போது 1800. டொலர் 200 இலிருந்து 360 க்கு ஏறினால் வேறென்ன நடக்கும். அதற்கும் என் பேங்க் கார்ட் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மச்சான் கார்டில், மச்சான் பெயரிலேயே கணக்குத் திறந்தோம். அங்கேதான் பிழை விட்டேன். அடுத்த வருஷம் அவருடைய கார்ட் காலாவதியானது, எச்சரிக்கை மெயில் எல்லாம் அவர் பார்க்காத முகவரிக்குப் போனது, ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் தளம் இல்லை. நல்ல வேளை, சர்வரை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள், அழிக்கவில்லை. இன்றைக்கு யாராவது கேட்டால் ரேம் எவ்வளவு என்பதற்கு முன்னால் கார்ட் யாருடையது, மெயில் யாருக்குப் போகும் என்றுதான் கேட்பேன்.

விபிஎஸ்ஸில் மீடியாவிக்கி போட்டேன், விக்கிப்பீடியா ஓடுகிற அதே மென்பொருள். அதில் தலைப்பும் 255 பைட்தான், ஆனால் சதவீதக்குறிக் கூத்து இல்லாததால் 85 குறி வரை போகலாம். இங்கிலீஷ் பெயரைத் தேடினாலும் தமிழ்ப் பெயர்ப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் வழிமாற்று அதிலேயே இருக்கிறது, எங்கள் வேலைக்கு அதுதான் உயிர். ரேம் போதாமல் அதன் டேட்டாபேஸ் மரியாடிபி இடைக்கிடை செத்து விழுந்தது, 2 ஜிபி ஸ்வாப் (ரேமுக்குப் பதிலாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) சேர்த்ததும் அடங்கியது. போட்டோ ஏற்றும்போது வந்த பிழைக்கு, மீடியாவிக்கியை ஓட்டுகிற பிஎச்பியின் 2 எம்பி அளவை மட்டும் கூட்டிவிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. முன்னால் நிற்கிற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், நாம் மாற்றாவிட்டால், 1 எம்பிக்கு மேலே எதையும் உள்ளே விடாது, இரண்டு இடத்திலும் கூட்ட வேண்டும்.

பண்டாரவளை:

அண்ணே, ஸ்பேம் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! நாங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களுக்கு மீடியாவிக்கி திறந்து, யாரும் எழுதலாம் என்று விட்டோம். ஒரு வாரம் யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் அதிபர்கள் பட்டியலைச் சுற்றி முழுக்கச் சூதாட்ட விளம்பரம், ரஷ்ய மொழியில் கூட. கணக்கில்லாதவர்கள் எழுதுவதை நிறுத்தினோம், பொட்டுகள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) கணக்குத் திறந்துகொண்டு வந்தன. கடைசியில், வருவது மனிதரா என்று பார்க்கக் கேள்வி கேட்கிற கேப்சா போட்டோம்: ‘காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் எது?’ பதில் ‘பிரட்டுக்களம்’. ஸ்பேம் அன்றோடு நின்றது. எங்கள் பெரியவர்களும் நின்றார்கள்! ஒருவர் ‘பிரட்டுகளம்’ என்கிறார், ஒருவர் இடைவெளி விட்டு எழுதுகிறார், ஒருவர் வெறும் ‘பிரட்டு’. ஒரு கேள்விக்குப் பல பதில் கொடுக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது, இப்போது ஆறு விதம் எழுதி வைத்திருக்கிறேன்.

தலவாக்கலை:

டோக்குவிக்கியைக் கைவிட்டிருக்கத் தேவையில்லை. ஃபைல் பெயரை யூடிஎஃப்-8 ஆகவே எழுதச்சொல்லி அமைப்பில் மாற்றலாம், அந்த 28 கிட்டத்தட்ட 80 ஆகிவிடும். தொடக்கத்திலேயே மாற்ற வேண்டும், பிறகு மாற்றினால் பழைய பக்கங்களைத் தேடிக் கண்டுபிடிக்காது, ஃபைல்களை நாமே பெயர் மாற்ற வேண்டும். நான் இன்னும் அதில்தான் இருக்கிறேன், ஃபோல்டரைப் பென் டிரைவில் கொப்பி பண்ணினால் பேக்கப் முடிந்தது. முன்பு மீடியாவிக்கி வைத்திருந்தபோது சர்வர் மாற்றினேன், டேட்டாபேஸை இறக்கி ஏற்றிய பிறகு தமிழ் முழுக்க வெறும் கேள்விக்குறி. இறக்கும்போது எழுத்துத் தொகுதியை (எந்த எழுத்துமுறையில் சேமிப்பது என்பதை) சொல்லவில்லை. பழைய சர்வரை அதற்குள் மூடியிருந்தால் அவ்வளவுதான்.

ஹட்டன் பக்கத்து ஆள்:

தம்பி, இதை 2021 இலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சம். அந்தக் கேள்விக்குறி விஷயத்தைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது, நேற்று ராத்திரி என் பேக்கப்பை லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேன். தமிழ் சரியாக வந்தது. போட்டோ ஒன்றுகூட வரவில்லை. அது டேட்டாபேஸுக்குள் இல்லை, இமேஜஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கிறது, இத்தனை நாள் நான் அதை எடுக்கவே இல்லை. இன்றைக்கு அந்த வேலைதான் ஓடுகிறது, மழைக்கு இன்டர்நெட் லைன் இழுக்கவில்லை, பாதி இறங்கியிருக்கிறது.