"நைஸ் பாயின்ட்" என்று பையர் எழுதினால் அது பாராட்டா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் இங்கிலாந்து பையர் ஒருவரோடு ஒரு மாதமாக இழுபறி. டி-ஷர்ட் சரக்கு 12 நாள் தாமதமாகி, கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனது. அந்த ஏர் ஃப்ரெய்ட்டை யார் தலையில் கட்டுவது என்பதுதான் தகராறு. "லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவலையே நீங்கள் தாமதமாகத்தான் கொடுத்தீர்கள், அப்படியானால் டெலிவரி நாளை ஆர்டர் போட்ட தேதியிலிருந்து எண்ணுவதா, கலருக்கு ஓகே சொன்ன தேதியிலிருந்து எண்ணுவதா?" என்று ஒரு மெயில் தட்டினேன். நானே நாலு தடவை படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்ட மெயில்.

பதில் வந்தது: "தட் இஸ் எ நைஸ் பாயின்ட்." அடுத்த வரியில் வக்கீலைக் கேட்காமல் பதில் சொல்ல விரும்பவில்லை என்று ஏதோ இருந்தது, அதை நான் கண்டுகொள்ளவில்லை. நேராக முதலாளி ரூமுக்குப் போய், "பையரே நைஸ் பாயின்ட்னு ஒத்துக்கிட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் முழுத் தொகையையும் எங்கள் கணக்கில் கழிப்பதாக டெபிட் நோட் வந்து நிற்கிறது. இப்போது முதலாளி என்னைப் பார்க்கும் போதெல்லாம் "என்னப்பா, நைஸ் பாயின்ட்டு" என்கிறார்.

கேள்வி இதுதான். நைஸ் என்றால் நல்லது, இனிமையானது என்பதைத் தவிர வேறு பொருள் இருக்கிறதா? அதற்குப் பதிலாக என்னென்ன சொற்கள் போடலாம்? தமிழில் ஒரே சொல்லாகச் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி, அவர் உங்களைப் பாராட்டவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. நைஸ் பாயின்ட் என்றால் நுணுக்கமான கேள்வி, இரண்டு பக்கமும் வாதம் செய்ய இடம் இருக்கிற, சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடியாத கேள்வி என்று பொருள். சட்டம் படித்த பிரிட்டிஷ்காரர்கள் இன்றும் இப்படி எழுதுவார்கள். நைஸ் டிஸ்டிங்ஷன் என்பதும் அதே வகைதான், மயிரிழை வித்தியாசம் என்று நாம் சொல்வோமே, அது. வக்கீல் என்ற சொல் வந்த இடத்திலேயே உங்களுக்கு மணி அடித்திருக்க வேண்டும்!

இந்தச் சொல்லின் கதையே வேடிக்கையானது. லத்தீனில் நெஸ்கியுஸ் என்றால் ஒன்றும் அறியாதவன். 'ஸ்கீரே' என்றால் அறிதல், அதற்கு முன்னால் 'நெ' என்ற எதிர்மறை. அந்த ஸ்கீரேயிலிருந்துதான் சயின்ஸும் வந்தது, ஆகவே சயின்ஸும் நைஸும் ஒரு வகையில் பங்காளிகள். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது நைஸ் என்றால் முட்டாள். அந்தக் காலத்தில் ஒருவனை நைஸ் என்றால் அடிக்க வந்திருப்பான். அப்புறம் அசட்டுத்தனம், கூச்சம், எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் குணம் என்று நகர்ந்து, குறை பார்ப்பவன் எதையும் கூர்ந்து பார்ப்பான் இல்லையா, அந்த வழியாக 1500களில் நுட்பம், துல்லியம் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் பையர் நிற்பது அங்கேதான். இனிமையானது என்ற பொருள் பரவலானது 18ஆம் நூற்றாண்டில்தான், அதாவது நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது கடைசியாக வந்த பொருள். நுட்பம் என்ற அந்தப் பழைய பொருள் நைசிட்டி என்ற சொல்லில் இன்னும் அப்படியே இருக்கிறது.

மாற்றுச் சொற்கள் கேட்டீர்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். மனிதர் என்றால் கைண்ட், வானிலை என்றால் ப்ளெசன்ட், சாப்பாடு என்றால் டேஸ்டி, நுணுக்கம் என்றால் சட்டில் அல்லது ஃபைன். கட்டுரையில் பிள்ளைகள் நைஸ் என்று எழுதினால் நான் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். தப்பு என்பதால் இல்லை. நைஸ் ஹவுஸ், நைஸ் டீச்சர், நைஸ் மேங்கோ என்று ஒரே பக்கத்தில் மூன்றும் இருந்தால் அந்த வீடு எப்படி இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

அம்மிக்கல் எழுதியது:

சார் சொன்ன துல்லியம், நுட்பம் எல்லாம் எங்கள் தெரு மாவு மில்லில் தினமும் நடக்கிறது! அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த அண்ணன் கேட்கும் முதல் கேள்வியே "நைஸா வேணுமா, கொரகொரப்பா வேணுமா?" என்பதுதான். இடியாப்பத்துக்கு நைஸ், புட்டுக்குக் கொரகொரப்பு. அவர் இரண்டு விரலுக்கு நடுவில் மாவை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு "இன்னொரு ஓட்டு ஓட்டணும்" என்பார். ஆங்கிலேயன் இதற்கு ஃபைன் என்பான், நைஸ் ஃப்ளவர் என்று லண்டன் கடையில் கேட்டால் நல்ல மாவா என்றுதான் விழிப்பான்.

அது மட்டுமா, "நைஸா நழுவிட்டான்" என்கிறோம், அதாவது சத்தமில்லாமல். "என்ன, நைஸ் பண்றியா?" என்றால் காரியம் ஆக ஐஸ் வைக்கிறாயா என்று அர்த்தம். இந்த இரண்டையும் எந்த இங்கிலீஷ்காரனிடம் சொன்னாலும் புரியாது. சொல் அவர்களுடையது, இந்த வேலையெல்லாம் நாம் கொடுத்தது.

வேர்தேடி எழுதியது:

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நைஸ் என்பதே நம் 'நயம்' தானே? பழைய தமிழிலேயே இருக்கிறது. மாவு நைஸாக அரைப்பது கூட 'நைய அரைப்பது' தான். ஐரோப்பாவுக்கு இங்கிருந்து போயிருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

வேர்தேடி, ஒலி ஒத்துப்போனால் உறவு என்று சொல்லிவிட முடியாது. லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. அதோடு, வந்த புதிதில் அதற்கு முட்டாள் என்றுதான் பொருள். நம் நயத்துக்கு எந்தக் காலத்தில் அந்தப் பொருள் இருந்தது? மில்லில் சொல்லும் நைஸ் நம் காதில் நிலைத்ததற்கு 'நைய' பக்கத்தில் இருந்தது உதவியிருக்கலாம், அது வேறு.

ஆனால் மொழிபெயர்ப்புக்கு நீங்கள் எடுத்த சொல் அருமை. கடையில் 'நயம் பருப்பு' என்றால் தரமானது. தேர்வில் 'நயம் பாராட்டுக' என்றால் நுணுக்கத்தை எடுத்துக் காட்டு. 'நயமாகப் பேசினான்' என்றால் இனிமை, கொஞ்சம் தள்ளிப் போனால் நயவஞ்சகம். நைஸ் சுற்றிவந்த இடம் பாதிக்கு மேல் இதில் அடங்கிவிடுகிறது. கிண்டலுக்கு மட்டும் 'நல்ல' போதும். எ நைஸ் மெஸ் என்றால் "நல்ல கூத்து", நைஸ் அண்ட் ஹாட் என்றால் "நல்ல சூடு". அங்கே நைஸ் தனிக் குணம் இல்லை, சூட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கருப்புத்திரை எழுதியது:

நான் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன், என் பங்குக்கு ஒன்று. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் நைஸ் என்றே ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் -20 முதல் 19 வரை ஒரு நைஸ் மதிப்பு. எண் கூடக் கூட அந்த புரோகிராம் "நீங்க முதல்ல போங்க" என்று மற்றவர்களுக்கு வழிவிடும், சிபியு நேரம் அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அடாவடிக்காரன், அந்த எண்ணைக் கொடுக்க ரூட், அதாவது நிர்வாகி அனுமதி வேண்டும். புதுப் பையன்கள் 19 என்றால் அதிக முன்னுரிமை என்று தலைகீழாக நினைத்துப் போட்டுவிட்டு, ஏன் மெதுவாக ஓடுகிறது என்று என்னிடம் வருவார்கள்.

பிஸ்கட் மேல் நைஸ் என்று எழுதியிருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது? பிரான்சில் இருக்கும் ஊரை நீஸ் என்கிறார்கள்.

அம்மிக்கல் எழுதியது:

டீயில் முக்கினால் எல்லாம் ஒன்றுதான் தம்பி.

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. இன்று காலை பையருக்கு மறுபடி எழுதினேன். "நைஸ் பாயின்ட் என்று நீங்களே சொன்ன கேள்விக்கு வக்கீல் என்ன சொன்னார், அந்தப் பதில் வருவதற்கு முன்னால் டெபிட் நோட் எப்படி வந்தது?" என்று இரண்டே வரி. மதியம் பதில் வந்துவிட்டது, நோட்டை நிறுத்தி வைப்பதாகவும் அடுத்த வாரம் போனில் பேசலாம் என்றும். முதலாளியிடம் இந்தத் தடவை மெயிலை முழுசாகப் படித்துக் காட்டினேன். "சரி, அவன் நைஸா பேசினா நீ அங்க ஒண்ணுத்துக்கும் தலையாட்டாத" என்றார்.