உதவி தேவை: அடுக்ககத்துக்கே பொதுவாக ஆவணம் கிழிக்கும் நாள் வைக்கிறோம், ஷ்ரெடர் பாதியில் நின்றுவிடுகிறது

நங்கநல்லூர்_செயலாளர்

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் 40 வீடுகள் உள்ள அடுக்ககம். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். எங்கள் பிளாக்கில் ஒரு பெரியவர் பேரில் அவருக்கே தெரியாமல் ஆன்லைன் கடன் ஒன்று ஏறியிருக்கிறது. வசூல்காரர்கள் போன் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய பான், ஆதார் நகல் எங்கிருந்து வெளியே போனது என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பழைய பேப்பர் கடைக்குப் போகிற கட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். வங்கி ஸ்டேட்மென்ட், கையெழுத்துப் போட்ட ஆதார் ஜெராக்ஸ், பாலிசி பாண்ட் எல்லாம் செய்தித்தாளோடு சேர்ந்தே போகிறது. மனசு பதறிவிட்டது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே பார்க்கிங்கில் மேஜை போட்டு, எல்லோருடைய காகிதங்களையும் கிழித்துவிடலாம் என்று சங்கத்தில் முடிவு செய்து, காகிதத்தைத் துண்டாக வெட்டுகிற ஷ்ரெடர் மெஷின் ஒன்றும் வாங்கினோம். வெள்ளோட்டம் பார்த்தால், ஓடிக்கொண்டே இருந்தது திடீரென்று நின்று சிவப்பு விளக்கு எரிகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஓடுகிறது. பழுதா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? இது நீள நீளப் பட்டையாக வெட்டுகிற வகை. அது போதுமா என்பதும் சந்தேகம்.

மெஷின்_சர்வீஸ்_தம்பி

பழுது இல்லை சார். மோட்டார் சூடேறினால் தானாக நின்றுவிடும், அது பாதுகாப்பு ஏற்பாடு. வீட்டு உபயோக மெஷின் பெரும்பாலும் சில நிமிஷம் ஓடி அரை மணி நேரம் ஆறுகிற கணக்கில்தான் செய்திருப்பார்கள். மேனுவலில் தொடர்ந்து ஓடும் நேரம் எவ்வளவு, ஆறும் நேரம் எவ்வளவு என்று இரண்டும் போட்டிருக்கும், பாருங்கள். 40 வீட்டுக் காகிதத்துக்கு அது தாங்கவே தாங்காது. ஒரு நாள் வாடகைக்கு ஆபீஸ் ஷ்ரெடர் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று வீட்டு மெஷின்களை மாற்றி மாற்றி ஓட்டலாம்.

இன்னொன்று. பிளேடு இறுகினால் யாராவது ஸ்பிரே எண்ணெய் அடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஸ்பிரேயில் இருக்கிற வாயு தீப்பற்றும், மோட்டார் பொறி பட்டால் ஆபத்து. ஷ்ரெடருக்கென்றே விற்கிற எண்ணெயை ஒரு தாளில் கோடு போல விட்டு, அந்தத் தாளை உள்ளே அனுப்புங்கள். கிளிப்புகளைக் கழற்றிவிடுங்கள்.

காகித_ஆலை_மாமா

பட்டை வெட்டு போதாது. ஏன் என்று நீங்களே பார்க்கலாம். ஆதார் ஜெராக்ஸை, எழுத்து வரி மெஷின் இழுக்கிற திசையிலேயே வருகிற மாதிரி பக்கவாட்டில் திருப்பி விட்டுப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் பட்டையில் 12 இலக்க எண் முழுசாக அப்படியே வெளியே வரலாம். எண்ணை வாசிக்க ஒட்டவே வேண்டாம்.

1979-இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது அங்கே பட்டையாக வெட்டிப் போட்ட ரகசியக் காகிதங்களை ஈரானியர்கள் கையாலேயே பொறுமையாகச் சேர்த்து, தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள்.

வாடகைக்கு எடுப்பது குறுக்கிலும் வெட்டுகிற வகையாக இருக்கட்டும். பி-4 தரம் என்று கேளுங்கள். ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஒரு ஏ4 தாள் கிட்டத்தட்ட 390 துண்டாகிவிடும். 6 மில்லிமீட்டர் பட்டையில் அதே தாள் 35 துண்டுதான். பல வீட்டுக் காகிதமும் ஒரே சாக்கில் கலந்துவிடுவது பொது நாள் வைப்பதில் உள்ள பெரிய லாபம். தனியாக வீட்டில் கிழித்தால் அது கிடைக்காது.

ஆடிட்டர்_அக்கா

மெஷினை விட எனக்குப் பயம் வேறு. பெரியவர்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து "எல்லாம் பழசு, போடு" என்பார்கள். அதற்குள் மூலப் பத்திரம் இருக்கும். தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைச்சல். ஆகவே மெஷினுக்கு முன்னால் ஒரு பிரிக்கும் மேஜை கட்டாயம். பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, பென்ஷன் ஆர்டர், பிறப்பு இறப்புச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல், நடப்பில் உள்ள பாலிசி இவை எந்தக் காரணத்துக்கும் மெஷின் பக்கம் போகக் கூடாது. வருமான வரிக் காகிதங்களை 8 வருஷம் வைத்திருங்கள் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். சொத்தோ பங்கோ வாங்கிய ரசீது என்றால் விற்றுக் கணக்கு முடியும் வரை வைக்க வேண்டும்.

கிழிக்க வேண்டியதில் எல்லோரும் மறப்பது கூரியர் உறை. பேர், விலாசம், செல் நம்பர் மூன்றும் அதில் இருக்கிறது. பழைய செக் புக், வேலைக்கு அனுப்பிய பயோடேட்டா, லேப் ரிப்போர்ட் இவையும்தான்.

நங்கநல்லூர்_செயலாளர்

ரொம்ப நன்றி, அக்கா, மாமா, தம்பி. பிரிக்கும் மேஜை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது இன்னொரு சிக்கல். முன்னாலேயே வீடு வீடாக மூட்டைகளை வாங்கி சங்க அறையில் வைத்துவிடலாம் என்கிறார் பொருளாளர். இன்னொருவர், கரண்ட் செலவு எதற்கு, மொட்டை மாடியில் கொளுத்திவிடலாம் என்கிறார்.

காகித_ஆலை_மாமா

இரண்டும் வேண்டாம். திறந்த வெளியில் குப்பை எரிக்க திடக்கழிவு விதிகளிலேயே தடை இருக்கிறது. அதோடு கட்டாக எரித்தால் ஓரம் கருகி நடுவில் தாள் அப்படியே இருக்கும்.

மூட்டை சேர்ப்பது அதைவிட மோசம். 40 வீட்டு ரகசியமும் ஒரே அறையில், ஒரே பூட்டுக்குள். அவரவர் காகிதத்தை அவரவரே கொண்டு வந்து, துண்டாகி விழுகிற வரை நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். வர முடியாதவர் வீட்டுக்குச் சின்ன மெஷினை எடுத்துப் போங்கள், வாங்கியது வீணாகாது.

ஏடிஎம் சீட்டு, கடை பில் மாதிரி வழவழப்பான வெப்பத்தாள்களைத் தனியாக வையுங்கள். மறுசுழற்சிக்கு ஆகாது, உரக்குழிக்கும் ஆகாது. மற்ற துண்டுகளைச் சாக்கில் கட்டிக் காகிதம் எடுப்பவரிடம் கொடுக்கலாம். மாடித் தோட்டம் இருந்தால் கொஞ்சம் கம்போஸ்டில் காய்ந்த சரக்காகப் போடலாம்.

வங்கியில்_வேலை

ஏற்கெனவே வெளியே போன நகலுக்கு ஷ்ரெடர் ஒன்றும் செய்யாது. அதற்கும் அதே நாளில் ஒரு மேஜை போடுங்கள். செல்போன் பழக்கமுள்ள பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று வேலை செய்யலாம். சிபில் போன்ற கடன் அறிக்கை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதை எடுத்துத் தெரியாத கடன் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தெரியும். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டிவிடலாம்.

இனிமேல் நகல் கேட்டால் முதலில் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். கடைசி 4 இலக்கம்தான் தெரியும். ஜெராக்ஸே வேண்டும் என்றால் எதற்காக, எந்தத் தேதி என்று நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டாரா? கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் அறிக்கை நிறுவனத்துக்கும் எழுத்தில் ஆட்சேபம் போடட்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர்_செயலாளர்

1930-க்குச் சொல்லிவிட்டார். ஆட்சேபக் கடிதம் இன்னும் போடவில்லை, இன்று சாயங்காலம் நானே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். மூட்டை வாங்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று. குறுக்கு வெட்டு ஆபீஸ் மெஷின் வாடகைக்கு விசாரிக்கிறோம். காலாவதியான ஏடிஎம் கார்டுகளையும் அதிலேயே விடலாமா?

மெஷின்_சர்வீஸ்_தம்பி

கார்டுக்குத் தனி வாய் இருந்தால் மட்டும் விடுங்கள் சார். இல்லையென்றால் கத்தரியால் சிப்பின் நடுவிலும், பின்பக்கக் கறுப்புப் பட்டையிலும், எண்ணின் குறுக்கிலும் வெட்டிவிடுங்கள், போதும்.