கலோஜெரோ: என்ன பெயர் இது?

கேள்வி: மிலானிலிருந்து சிசிலியின் அக்ரிஜென்டோவுக்குக் குடிவந்திருக்கிறேன். வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், பஸ் ஓட்டுநர் எல்லோரும் கலோஜெரோ! வடக்கே இப்பெயரை நான் கேட்டதே இல்லை. எங்கிருந்து வந்தது?

பதில்: கிரேக்கத்திலிருந்து. 'கலோஸ்' என்றால் அழகு, நன்மை; 'கெரோன்' என்றால் முதியவர். துறவிகளை அப்படித்தான் மரியாதையாக அழைத்தார்கள். ஷாக்கா ஊரருகே குரோனியோ மலைக் குகையில் தவமிருந்ததாகச் சொல்லப்படும் துறவிக்கு அந்த அழைப்பே பெயராக நின்றுவிட்டது. நீராவி எழும் குகைகள் இன்றும் அங்கே உண்டு. போனால் வியர்வைத்துண்டு அவசியம்.

இன்னொருவர்: ஜூலை முதல் ஞாயிறன்று வெளியே வாருங்கள். புனிதராகப் போற்றப்படும் அந்தத் துறவியின் கரிய சிலை ஊர்வலம் வரும், ரொட்டி வீசுவார்கள். தலை பத்திரம்!

கேட்டவர்: சரி, வீட்டுக்காரரை மனைவி 'லில்லோ' என்கிறாரே?

பதில்: அதுவும் கலோஜெரோதான், செல்லமாக.