கம்பைலரை மூல நிரலிலிருந்து உருவாக்கியவர்கள் கணினியை எப்படித் தயார் செய்தீர்கள்?

காட்பாடியிலிருந்து:

மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறேன். அண்மையில் ஒரு மாணவி, ஜிசிசி என்ற கம்பைலரை (நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) மூல நிரலிலிருந்தே உருவாக்கிப் பார்க்க ஆசைப்பட்டாள். "கம்பைலரை உருவாக்கவே ஒரு கம்பைலர் வேண்டுமா சார்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. வேண்டும். 2013இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து ஜிசிசிக்கு சி++ கம்பைலர் தேவை. 15ஆம் பதிப்புக்கு சி++14 தெரிந்த கம்பைலர் வேண்டும். உபுண்டுவில் பில்டு-எசென்ஷியல் தொகுப்பை நிறுவினால் அந்தக் கவலை தீர்ந்தது.

ஆளைப் படுத்தி எடுப்பது அடுத்த கட்டம். பெரிய முழு எண்களுக்கு ஜிஎம்பி, மிதவைப் புள்ளி எண்களுக்கு எம்பிஎஃப்ஆர், கலப்பெண்களுக்கு எம்பிசி என்று மூன்று நூலகங்கள் வேண்டும். நிரலில் இருக்கும் மாறிலிக் கணக்குகளை கம்பைலர் முன்கூட்டியே பிசகாமல் போட்டு வைப்பது இவற்றின் துணையால்தான். அந்த மாணவியின் தோழி மூன்றையும் தனித்தனியாக இறக்கி நிறுவியிருந்தாள். கணினியில் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் கான்ஃபிகர் ஒழுங்காக முடிந்தது. உருவாக்கும் வேலையைச் செய்யும் மேக் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆப்ஜெக்ட் கோப்புகளின் (கம்பைலர் மொழிபெயர்த்துத் தரும் இடைநிலைக் கோப்புகள்) பின்னொட்டைக் கண்டறிய முடியவில்லை என்று ஒரு பிழை வந்து நின்றுவிட்டது. பின்னொட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. லிப்ஜிசிசி அடைவுக்குள் (ஃபோல்டர்) இருந்த கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பார்த்தோம். புதிதாக உருவான கம்பைலர் இயங்கும் நேரத்தில் எம்பிசி நூலகத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் விழுந்திருந்தது. திரையில் வருவதை நம்பாமல் லாக் கோப்பைப் படிக்கும் பழக்கம் மாணவர்களுக்கு வந்துவிட்டால் எனக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை.

இதற்கு எளிய வழி, ஜிசிசி மூலத்தின் கான்ட்ரிப் அடைவில், முன்தேவைகளை இறக்கித் தருவதற்கென்றே இருக்கும் ஸ்கிரிப்ட். மூல அடைவில் நின்று அதை ஓட்டினால், நூலகங்கள் அங்கேயே வந்து அமர்ந்து ஜிசிசியோடு சேர்ந்தே உருவாகும். பிறகு மூல அடைவுக்கு வெளியே வேறோர் அடைவு திறந்து, அங்கிருந்து கான்ஃபிகரை அழையுங்கள். நிறுவும் இடத்தை வீட்டு அடைவுக்குள் வைத்துக்கொண்டால் கணினியின் சொந்த கம்பைலருக்கு ஆபத்தில்லை. 32 பிட் நிரல்கள் தேவையில்லை என்றால், அவற்றுக்கும் சேர்த்து நூலகங்களை உருவாக்கும் மல்டிலிப்பை முடக்கிவிடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

சார், நினைவகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் நண்பனின் கணினியில் 4 ஜிபி ராம்தான். எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டான். சிசி1பிளஸ் (சி++ நிரலை மொழிபெயர்க்கும் பகுதி) கொல்லப்பட்டது என்று ஒரே ஒரு வரி வந்தது. நிரலில்தான் கோளாறு என்று நினைத்து மூலத்தை மறுபடியும் இறக்கப் போனான். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) கட்டளை கொடுத்துப் பார்த்தபோது, நினைவகம் தீர்ந்துபோய் கெர்னலே அதை நிறுத்தியது தெரிந்தது. வட்டில் கூடுதல் நினைவகமாகப் பயன்படும் ஸ்வாப் கோப்பு ஒன்றை உருவாக்கி, இரண்டு வேலைகளாகக் குறைத்ததும் ஓடியது.

நான் கையாள்வது எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் தொகுப்பு. அதில் லிங்க் செய்யும், அதாவது ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் கட்டம்தான் நினைவகத்தை விழுங்கும். அதற்குக் கான்ஃபிகர் போல உதவும் சிமேக்கில் இணை லிங்க் வேலைகளை ஒன்று என்று வையுங்கள். பில்டு வகையை ரிலீஸ் என்று கொடுங்கள். பிழை தேடுவதற்கான டீபக் என்று கொடுத்தால் வட்டில் பல ஜிபி இடம் காணாமல் போகும்.

ஆம்பூரிலிருந்து:

நம் பக்கத்துக் கத்திரி வெயிலை இருவருமே மறந்துவிட்டீர்கள். 40 டிகிரி அடிக்கும் மதியத்தில், மொட்டை மாடி அறையில் மேக் கொடுத்தால் பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் இரவு உணவுக்குப் பிறகுதான் தொடங்குவேன். பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வேன், என்னுடையது மேசைக் கணினி என்பதால்.

யுபிஎஸ் இல்லாமல் நடுவில் மின்சாரம் போனால் மேக்கை மறுபடி கொடுக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அது நேர முத்திரையை மட்டுமே பார்க்கிறது. பாதியில் அறுந்த ஆப்ஜெக்ட் கோப்பும் அதன் கண்ணுக்கு முடிந்த கோப்புதான். பிறகு லிங்க் செய்யும்போது, கோப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பிழை வரும். பூஜ்யம் பைட் அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி அழித்துவிட்டு மேக் கொடுங்கள். அப்போதும் அதே பிழை வந்தால், அதில் பெயர் சொல்லப்படும் கோப்பையும் அழித்துவிடுங்கள்.

காட்பாடியிலிருந்து:

மிக்க நன்றி, இதை மாணவர்களுக்கு அப்படியே சொல்லிவிடுகிறேன். அந்த மாணவியின் கணினியில் மூன்று கட்டங்களும் முடிந்தன. ஏற்கெனவே இருந்த கம்பைலர் முதல் ஜிசிசியை உருவாக்க, அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை உருவாக்கியது. கடைசி இரண்டின் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று திரையில் வந்தபோது வகுப்பே கைதட்டியது. அடுத்து சோதனைத் தொகுதியை ஓட்டப் போகிறாள். அதற்கு டெஜாக்னு, எக்ஸ்பெக்ட், டிசிஎல் மூன்றையும் நிறுவச் சொல்லியிருக்கிறேன். அதை ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.